அம்மை குத்தியவர் எழுதிய நாவல்

அவர் என் இடது கையைப் பிடித்தபோதுதான் எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது.

யுத்த காலம். திருத்தணி தாலுகா ஆபீஸில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். சுற்றுப்பக்கத்துக் கிராமங்களில் பெரியம்மை கண்டிருக்கிறது என்று, ஆபீஸில் உள்ள அத்தனை பேருக்கும் அம்மை குத்தும்படி மேலேயிருந்து உத்தரவு வந்திருந்தது. சுகாதார இலாகாவிலிருந்து இவர் வந்தார். ஒல்லியான ஆள், காக்கிச் சட்டை, தோளில் ஒரு தோல் பை. என் சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னார். நாலு முள் வைத்த சின்ன இரும்புக் குமிழை என் தோளுக்குக் கீழே வைத்து அழுத்தினார். அதைத் திருகினால்தான் வேலை முடியும். திருகவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"சார், நீங்க கதை படிப்பீங்களா?"

அந்த நிலைமையில் யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது. "படிப்பேன்" என்றேன். உடனே திருகிவிட்டார். வலி உறைப்பதற்குள் என் மேஜைமேல் ஒரு புத்தகம் இருந்தது. 'நாலு விரல் ஜமீன்தார்' என்று பெயர். துப்பறியும் நாவல். அன்று சாயங்காலம் பார்த்தால், தாசில்தார் முதல் தண்ணீர் கொண்டுவருகிற ஆள் வரைக்கும் எல்லோர் கையிலும் ஒரு காயம், எல்லோர் மேஜையிலும் ஒரு ஜமீன்தார்.

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. புத்தகத்தில் அவரே போட்டுக்கொள்ளவில்லை. சர்க்கார் உத்தியோகம், மேலதிகாரிகள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம். அதற்காகப் புனைபெயரும் வைத்துக்கொள்ளவில்லை. அட்டையில் ஆசிரியர் பெயர் வரவேண்டிய இடத்தில் 'உங்கள் ஊர் எழுத்தாளர்' என்று அச்சடித்திருந்தார். ஆர்.கே.பேட்டையில் அதை வாங்கியவர்கள் அவர் ஆர்.கே.பேட்டைக்காரர் என்று நினைத்தார்கள். பொதட்டூர்பேட்டையில் பொதட்டூர்பேட்டைக்காரர். "எந்த ஊர்ல வித்தாலும் பொய்யில்ல சார். படிக்கிறவங்க ஊரு எதுவோ அதுதான் என் ஊரு" என்பார்.

அந்தப் புத்தகத்தை அச்சடித்த கதை தனி. அப்போது காகிதத்துக்கு அப்படி ஒரு பஞ்சம். அரக்கோணத்தில் ஒரு பாய் அச்சாபீஸ் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அடிக்கிற இடம். கிடைத்த காகிதத்தில் அடிக்கலாம் என்று பாய் சொல்ல, இவர் கிடைத்ததை எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தார். முதல் அத்தியாயம் மஞ்சள். ஜமீன்தாரின் விரல் காணாமல் போவது ரோஸ். கொலை நடப்பது நூல் பண்டில் சுற்றி வருகிற நீலக் காகிதத்தில். அது மொடமொடவென்று இருக்கும், கொலையைப் படிக்கும்போது பக்கத்திலிருப்பவர் பேச்சுகூடக் காதில் விழாது.

அதைவிடப் பெரிய கஷ்டம் ழகரத்தால் வந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு எத்தனை ழகரம் வேண்டும்? பாயிடம் இருந்த ஈய எழுத்துகளில் அந்தக் குடும்பம் மட்டும் ரொம்பச் சின்னது. இவரோ தன் துப்பறிவாளனுக்கு எழிலன் என்று பெயர் வைத்திருந்தார். முதல் பதினாறு பக்கத்துக்குள் ழகரம் தேய்ந்து மழுங்கிவிட்டது. ஒன்றே ஒன்று மட்டும் நல்ல நிலைமையில் மிச்சம். அதை வைத்து, "எதிரிகளின் கண்ணில் மண்ணைத் தூவுவதற்காக எழிலன் அன்று முதல் இனியன் ஆனான்" என்று ஒரு வாக்கியம் சேர்த்தார். அதற்கப்புறம் அந்த நாவலில் யாரும் அழுவதில்லை, கண்ணீர் சிந்துவார்கள். யாரும் விழுவதில்லை, தரையில் சாய்வார்கள். மழை பெய்யாது, வானம் கொட்டும். முதல் அத்தியாயத்தில் தினம் ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்ட ஜமீன்தார், மூன்றாம் அத்தியாயத்திலிருந்து கொய்யாவுக்கு மாறிவிட்டார்.

புத்தகத்தை ஊரறியச் செய்ய அவர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். ரயிலில் ஏறினால் தன் புத்தகத்தைத் தானே பிரித்துவைத்துக்கொண்டு படிப்பார். படித்துக்கொண்டே "அடப்பாவி!" என்பார். எதிரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். இவர் கவனிக்காத மாதிரி பக்கத்தைத் திருப்பி, "இவனா? இவனா செஞ்சான்?" என்று நெற்றியில் அடித்துக்கொள்வார். ரேணிகுண்டா போவதற்குள் எதிர் சீட்டுக்காரர் புத்தகத்தை வாங்கிவிடுவார். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மலைப்படியில் நின்றுகொண்டு, காவடி இறக்கிவிட்டு வருகிறவர்களிடம் விற்றார். ஏறுகிறவர்களிடம் நீட்டவே மாட்டார். "ஏறும்போது முருகன். எறங்கும்போது நான். சாமி கிட்ட போட்டி போடக் கூடாது சார்."

சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குப் பல பெயர்களில் கார்டு எழுதினார். 'நாலு விரல் ஜமீன்தார் என்ற அரிய நாவலைத் தாங்கள் ஏன் இன்னும் மதிப்புரை செய்யவில்லை?' என்று ஒரு வக்கீல், ஒரு விதவை, ஒரு மாணவர், ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியர். எல்லாக் கார்டிலும் திருத்தணி முத்திரை, எல்லாம் ஒரே பச்சை மசி. பத்திரிகை ஆசிரியர் விதவைக்கு மட்டும் பதில் போட்டார்: 'அம்மணி, தங்கள் மசிக் கூட்டை வக்கீலுக்குக் கடன் கொடுக்காதீர்கள்.' அந்தக் கார்டை அவர் ஒளிக்கவில்லை. ஆபீஸுக்குக் கொண்டுவந்து எல்லோரிடமும் காட்டினார். "பத்திரிகை ஆபீஸ்ல நம்ம கடுதாசியை உக்காந்து படிச்சிருக்காங்க, பாருங்க!"

எங்கள் சங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. ஆபீஸில் இங்கிலீஷும் தெலுங்கும்தான் ஓடும். அதனால் தமிழ் அபிமானிகள் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் சரவணப் பொய்கைக் கரையில் ஒரு சத்திரத்து மாடியில் கூடுவோம். ஹைஸ்கூல் தமிழ் வாத்தியார் தலைவர், நான் செயலாளர். நாங்கள் எழுதிய வெண்பாக்களை நாங்களே படித்து, நாங்களே கைதட்டிக்கொள்வோம். எங்களில் ஒருவர்கூட ஒரு புத்தகம் போட்டதில்லை. ஆனால் இலக்கியம் எது, எது இல்லை என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இவர் ஞாயிறு தவறாமல் வந்து கடைசிப் பாயில் உட்காருவார். எல்லோரும் பேசி முடித்த பிறகு மெதுவாக எழுந்திருப்பார்.

"நம்ம நாவல்ல ஏதாவது கொறை இருந்தா சொல்லுங்க."

குறைக்கா பஞ்சம்? நடையில் நயமில்லை என்பார் ஒருவர். உவமை போதாது என்பார் இன்னொருவர். அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்வார். ஒரு தரம் தமிழ் வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு, "எல்லாம் சரி ஐயா, கதையில் தருமம் எங்கே? தருமத்தையே காணோமே!" என்றார். இரண்டு வாரம் கழித்து இவர் சில பக்கங்களைப் புதிதாக அடித்து, கஞ்சிப் பசையால் ஒட்டிக்கொண்டு வந்தார். கதையில் தருமலிங்கம் என்று ஒரு போலீஸ்காரர் சேர்ந்திருந்தார். அத்தியாயத்துக்கு ஒரு தரம் வந்து போனார். வாத்தியார் அதைக் கேட்டு மூக்குப்பொடி போட்டுக்கொண்டார். இப்படி ஒட்டி ஒட்டி, அந்த நாவலில் ஒரு பிரதி மாதிரி இன்னொரு பிரதி இருக்காது.

அந்த வருஷம் எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு பெரிய எழுத்தாளர் வருவதாக ஒப்புக்கொண்டார். எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் ஒரே கவலை. விழாவில் கடைசிப் பாயிலிருந்து இவர் எழுந்து, கலர் கலராக அந்தப் புத்தகத்தை அவரிடம் நீட்டினால் எங்கள் மானம் என்ன ஆவது? தலைவர் என்னைப் பார்த்தார். "செயலாளர்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்" என்றார்.

நான் சொன்னேன். பஜாரில் அவரைப் பார்த்து, "இந்த ஞாயிறு கூட்டத்தை அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சிருக்கோம்" என்றேன்.

"அப்படீங்களா! நல்லதாப் போச்சு சார்" என்றார். "பொதட்டூர்பேட்டைக்கு அந்தாண்ட நெசவாளர் தெருவுல அம்மை கண்டிருக்குது. கூட்டத்தை வுட்டுட்டு எப்படிப் போறதுன்னு கொழம்பிகினு இருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை மாலையோடு ஸ்டேஷனில் நின்றோம். பட்டணத்து எழுத்தாளர் வண்டியை விட்டு இறங்கினார். வெள்ளை ஜிப்பா, மூக்குக் கண்ணாடி. கையில் ஒரு புத்தகம். நடுவில் ஒரு விரல் வைத்து மூடியிருந்தார். விரலுக்கு இந்தப் பக்கம் ரோஸ், அந்தப் பக்கம் நீலம்.

"அரக்கோணத்தில் ஒருவர் ஏறினார்" என்றார் அவர். "குத்துவதற்குச் சர்க்கார் அம்மைப்பால் வாங்கிக்கொண்டு வருகிறாராம். நீங்க கதை படிப்பீங்களா என்று கேட்டார். ஏதோ கொஞ்சம் படிப்பேன் என்றேன். கொடுத்துவிட்டார். வண்டி நின்றதும், பஸ் போய்விடும் என்று மறுபக்கம் இறங்கி ஓடிவிட்டார். உங்கள் ஊர்க்காரர்தானே? எங்கே போனார்?"

வாத்தியார் மாலையை என் கையில் திணித்தார்.

"உங்கள் சங்கத்தைப் பற்றி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பெரிய விஷயம் தெரிந்தவர்களாம், குறை சொல்லித் திருத்துகிறார்களாம். செயலாளர் தங்கமான மனுஷராம். ஆனால் இன்றைக்குக் கூட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டதாகச் சொன்னாரே? நான் வீணாக வந்துவிட்டேனோ என்று பயந்தேபோனேன்."

தங்கமான மனுஷன் மாலையைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏதோ தவறுதலாகச் சொல்லியிருப்பார்கள் என்று வாத்தியார் முணுமுணுத்தார்.

விழா நடந்தது. எங்கள் வெண்பாக்களை அவர் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "அந்த நாவலில் உங்களுக்குப் பிடித்த இடம் எது?" என்று கேட்டார். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் எங்கள் சங்கத்து அங்கத்தினரான ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பார்த்தேன். அவர் பொய்கையைப் பார்த்தார். இத்தனை மாதம் நயம், உவமை, தருமம் என்று குறை சொல்லிக்கொண்டிருந்தோமே, ஒருவர்கூட அந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்ததில்லை என்பது அந்த நிமிஷம்தான் எங்களுக்கே தெரிந்தது.

"அவரைப் பார்க்க வேண்டும்" என்றார் பட்டணத்து எழுத்தாளர்.

சாப்பாடு ஆனதும் அவரும் வாத்தியாரும் நானும் பஸ் ஏறினோம். பெட்ரோல் கிடைக்காத காலம்; பின்னால் கரி அடுப்பு கட்டிய பஸ். சின்ன மேடு வந்தாலும் நின்றுவிடும். எல்லோரும் இறங்கித் தள்ளினோம். இலக்கணம் தவறாத எங்கள் தலைவர் 'ஐலசா' என்று கத்தியதை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன்.

அந்த நெசவாளர் தெருவில் தறிச் சத்தமே இல்லை. வாசலுக்கு வாசல் வேப்பிலை சொருகியிருந்தது. அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றால் அந்த நாட்களில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கொல்லைமேட்டுக்கு ஓடிவிடுவார்கள். அம்மன் கோபித்துக்கொள்வாள் என்ற பயம். இங்கே தெருக்கோடிப் புளியமரத்தடியில் ஊரே கூடியிருந்தது. நடுவில் ஒரு மரப்பெட்டியில் அவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் சட்டையில்லாத தோள்களாக ஒரு வரிசை.

"…கெணத்தடியில பார்த்தா ஒருத்தரும் இல்ல. ஆனா ஈரக் காலு தடம் மட்டும் படியேறிப் போவுது. யாரு காலு? ஆங், அடுத்த கை!"

ஒரு கை நீண்டது. குத்தினார்.

"அது பொம்பள காலு இல்ல. அஞ்சு வெரலும் அழுந்தப் பதிஞ்சிருக்குது. அடுத்த கை!"

ஒரு கைக்கு ஒரு வாக்கியம். அடுத்த ஆள் வராவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். பின்னாலிருந்து கூட்டமே தயங்குகிறவனைப் பிடித்து முன்னால் தள்ளிற்று. ஏற்கெனவே குத்திக்கொண்ட ஒரு கிழவர் மறுபடியும் வந்து நின்றார். "உனக்கு ஆயிடுச்சே பெரியவரே?" என்றார் இவர். "இந்தக் கையி சும்மாதான் கீது நைனா. நீ மேல சொல்லு" என்றார் கிழவர்.

இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வரிசையின் முன்னால் வந்து நின்றுகொண்டாள். கையைக் காட்டவில்லை.

"அந்த ஜமீன்தார் பொண்ணு செத்துடுச்சுன்னு பேட்டையில சொல்லிகிறாங்க. நெசமா?"

"கதையில அப்பிடித்தாம்மா…"

"அது செத்துடுச்சுன்னா என் கொயந்தைக்கு நான் குத்த வுடமாட்டேன். சொல்லிட்டேன், ஆமா."

அவர் ஒரு விநாடி யோசித்தார். "சாவலைம்மா. மயக்கம்தான்."

"நாற்பதாம் பக்கத்தில் செத்துப்போய், எரித்தும் ஆயிற்றே!" என்று பட்டணத்து எழுத்தாளர் என் காதில் பதறினார்.

"எரிச்சது வேற பொணம்" என்றார் அவர் அந்தப் பெண்ணிடம், இந்தப் பேச்சு காதில் விழுந்த மாதிரியே. "அதைத்தான் இனியன் கண்டுபிடிக்கிறான். கொயந்தை கையைக் காட்டு."

அவள் காட்டினாள்.

வரிசை முடிந்த பிறகு நாங்கள் கிட்டே போனோம். ரயிலில் பார்த்தவர் யார் என்று நான்தான் சொன்னேன். அவர் பெட்டியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பெரிய பெயரை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கூட்டம் நடந்துச்சுங்களா சார்?"

"நடந்தது" என்றேன்.

முள்ளைத் துணியால் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"நல்லா நடந்துச்சுங்களா?"

வாத்தியார் புளியமரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டணத்து எழுத்தாளர்தான் பேச்சை மாற்றினார். "ஐயா, ஒன்று கேட்கிறேன். கேட்கிறவர்கள் சொல்கிறபடி எல்லாம் கதையை மாற்றலாமா? ஆசிரியனுக்கு என்று ஒரு முடிவு வேண்டாமா?"

"வேணுங்க" என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டு. "ஆனா இந்தத் தெருவுல போன மாசம் ரெண்டு பிள்ளைங்க போயிடுச்சுங்க. அந்தம்மா வூட்டுதும் ஒண்ணு. கையில இருக்கறது ரெண்டாவது. என் பேனாவுல ஒரு பொண்ணு பொழைச்சா எனக்கு இன்னாங்க நஷ்டம்?"

பட்டணத்து எழுத்தாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். குழந்தையோடு அந்தப் பெண் போன பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். இவருக்கு அது பிடிக்கவில்லை போலிருக்கிறது.

"சாருக்குக் கடைசியா எப்ப அம்மை குத்தினாங்க?"

"சின்ன வயதில்…"

"அது பத்தாதுங்க. உக்காருங்க."

ஜிப்பாவைக் கழற்றவைத்துக் குத்திவிட்டார். பட்டணத்துக்கு அவர் எங்கள் வெண்பாக்களின் நினைவோடு போனாரோ இல்லையோ, தோளில் ஒரு காயத்தோடு போனார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸிலிருந்து வந்ததும் என் பிரதியைத் தேடினேன். கிடைக்கவில்லை. என் மனைவி அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"பார்த்துத் திருப்புங்க. ரோஸ் பக்கம் உதிருது."

"நீ படிச்சியா?"

"ரெண்டு வாட்டி."

முற்றத்தில் உட்கார்ந்து விளக்கு வைக்கிற நேரத்துக்குள் முடித்துவிட்டேன். நடையில் நயம் இல்லைதான். உவமையும் போதாது. ஆனால் காப்பி ஆறிப்போனது தெரியவில்லை. முடித்த பிறகு ஒரு விஷயம் மட்டும் மனசில் குத்திக்கொண்டே இருந்தது. மனைவியிடம் சொன்னேன். "படிச்ச அன்னிக்கே நான் இதைக் கேட்டேன். நீங்கதான் காதுல வாங்கல. போய் அவரையே கேளுங்க" என்றாள்.

மறுநாள் காலை நந்தியாற்றுப் பக்கத்தில் அவர் குடியிருந்த வீட்டுக்குப் போனேன். எரித்தது வேறு பிணம் என்கிற புதுப் பக்கத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். விரலெல்லாம் கஞ்சி. முதலில் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். "அன்னிக்கு நான் சொன்னது…" என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்குது சார். உக்காருங்க."

"புஸ்தகம் முழுசும் படிச்சேன்."

அவர் கை நின்றது. நான் கேட்டேன்: "ரோஸ் அத்தியாயத்துல சமையக்காரி அஞ்சலை குடத்தை எடுத்துக்கிட்டு தண்ணிக்குப் போறாளே…"

"ஆங், போறா."

"அப்புறம் வரவே இல்லையே?"

என்னைப் பார்த்தார். புத்தகத்தைப் பிடுங்கி ரோஸைப் புரட்டினார், நீலத்தைப் புரட்டினார், கடைசிப் பக்கம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார். ஜங்ஷனில் குழந்தையை விட்டுவிட்டு வண்டி ஏறியவர் மாதிரி முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ! அவளை மறந்தே பூட்டேனே சார். பாவம், குடத்தோட அங்கியே நின்னுகினு இருக்காளே! இத்தினி பேரு படிச்சாங்க, ஒருத்தரும் கேக்கலியே!"

"கூட்டத்தைப் பத்தி நான் உங்ககிட்ட…" என்று மறுபடியும் ஆரம்பித்தேன்.

"அட, இருங்க சார்!" என்று கையை உயர்த்தி அதட்டினார். அவர் அதட்டி நான் கேட்டது அது ஒன்றுதான். "இவ எந்தக் கெணத்துக்குப் போயிருப்பா? கோயில் கெணறா, தோப்புக் கெணறா? நீங்க இன்னா நெனைக்கிறீங்க?"

தோப்புக் கிணறு என்றேன் நான். அங்கேதான் கொலைகாரன் ஒளிந்திருக்கிறானே என்றார் அவர். அதனால்தான் சொல்கிறேன், அவள் அவனைப் பார்த்திருப்பாள் என்றேன். அவர் பாயை இழுத்து என் பக்கம் போட்டார். அஞ்சலையைக் கொலைகாரன் கண்ணில் படாமல், குடத்துத் தண்ணீர் சிந்தாமல், ழகரமும் வராமல் ஜமீன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவது லேசான காரியமாக இல்லை. அவள் சமையலறையில் குடத்தை இறக்கி வைத்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சரவணப் பொய்கை மாடியில் சங்கம் செயலாளர் இல்லாமலே கூடிக் கலைந்திருந்தது.